உழவு இயந்திரத்தில் தண்ணீர் குறைகிறதா? காரணத்தை நாமே கண்டறிவோம்

காலையில் றேடியேற்றரின் மூடியைத் திறந்து பார்க்கிறோம். நேற்று நிரப்பிய தண்ணீர் ஒரு போத்தல் அளவு குறைந்திருக்கிறது. நிலத்தில் ஈரம் இல்லை. குழாய்கள் எதுவும் வெடித்திருக்கவில்லை. எஞ்சினும் வழமைபோல வேலை செய்கிறது. "பழைய மெசின்தானே, குடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி மீண்டும் நிரப்பிவிட்டு வயலுக்குப் போகிறோம். இப்படியே மாதங்கள் கழிகின்றன. பின்பு ஒரு நாள், காலபோக விதைப்பின் நடுவில், எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடுகிறது.

எமக்குத் தெரிந்த நான்கு குடும்பங்கள் ஒரு பழைய உழவு இயந்திரத்தைப் பொதுவில் வைத்திருந்தன. இடம்பெயர்ந்து திரும்பிய பின் அவர்களுக்கு மிஞ்சிய பெரிய சொத்து அது ஒன்றுதான். நாளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் குறைந்தது. "ஹெட் காஸ்கற் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னார். நகையை அடகு வைத்து எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி, புதிய காஸ்கற் போட்டார்கள். வேலை முடிந்து வயலில் இறக்கிய முதல் நாளே மீண்டும் ஒன்றரை லீற்றர் குறைந்தது. உண்மையான காரணம் என்ன என்பதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறோம். சோதித்துப் பார்க்காமல் செலவு செய்யக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் குறிப்பிடுகிறோம்.

எமது பகுதிகளில் அதிகம் காணப்படும் மசி பேர்கசன் 135 வகையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது 1964 ஆம் ஆண்டின் இறுதி முதல் 1975 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இதிலுள்ள பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள். தண்ணீர் ஏறத்தாழ 10 லீற்றர் பிடிக்கும். இங்கே சொல்லப்படும் சோதனைகள் பழைய லொறி, வான், கார் ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

தண்ணீரின் வேலை என்ன?

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையுடன் போகிறது. மீதியைத் தண்ணீரே சுமந்து சென்று றேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்கிறது. தண்ணீர் குறைந்தால் எஞ்சினின் மேற்பகுதியில், அதாவது வெப்பம் மிக அதிகமான இடத்தில், முதலில் வெற்றிடம் உண்டாகும். சூடுகாட்டும் மானியின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கி முனை வெளியே வந்துவிட்டால், எஞ்சின் கொதிக்கும்போதும் மானி அதைக் காட்டாமல் விடலாம். ஆகவே "முள் ஏறவில்லையே" என்று மானியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

முதலாவது: மூன்று நாள் அளந்து பாருங்கள்

கண்மதிப்பில் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு லீற்றர் போத்தல் ஒன்றையும் பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில், எஞ்சினை இயக்குவதற்கு முன், இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். றேடியேற்றரின் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். அந்த மட்டத்துக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றினீர்கள், முதல் நாள் எத்தனை மணித்தியாலம் வேலை நடந்தது, என்ன வேலை என்பவற்றை எழுதுங்கள்.

ஏன் ஓர் அங்குலம் குறைவாக? தண்ணீர் சூடேறினால் விரியும். 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏறும்போது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் விரியும். 10 லீற்றர் தண்ணீர் 300 மில்லிலீற்றர் அளவு பெருகும். பழைய இயந்திரங்களில் இந்த மிகுதியைப் பிடித்து வைக்கும் தனிப் போத்தல் கிடையாது. ஆதலால் வாய்வரை நிரப்பினால் அந்த 300 மில்லிலீற்றரும் வழிகுழாயினால் வெளியே போகும். மறுநாள் மீண்டும் வாய்வரை நிரப்புவோம், மீண்டும் போகும். இது ஒழுக்கு அல்ல, நாம் கூடுதலாக ஊற்றியதன் விளைவு. ஓர் அங்குலம் குறைத்து நிரப்பிய பின் குறைவது நின்றுவிட்டால் உங்கள் இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை.

தொடர்ந்து குறைந்தால் கொப்பி அடுத்த வழியைக் காட்டும். இயந்திரம் நின்ற நாளிலும் குறைந்தால் பெரும்பாலும் வெளி ஒழுக்கு. வேலை செய்த நாளில் மட்டும் குறைந்தால் மூடி, சூட்டில் திறக்கும் ஒழுக்கு, அல்லது எஞ்சினின் உட்பழுது ஆகிய மூன்றில் ஒன்று. பாரமான வேலை நாளில் மட்டும் அதிகம் குறைந்தால் முதலில் மூடியையும் சூடேறுதலையும் சந்தேகியுங்கள்.

இரண்டாவது: மூடியும் வழிகுழாயும்

றேடியேற்றர் மூடி வெறும் மூடி அல்ல. அதனுள் ஒரு சுருள் வில்லும் இறப்பர் வளையமும் உண்டு. அவை தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றன. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் கொடுக்கும் மூடி சரியாக இருந்தால் அது 111 பாகை அளவில்தான் கொதிக்கும். இறப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சேற்று உழவில் எஞ்சின் மூச்சுத் திணறும்போது தண்ணீர் ஆவியாகவும் நீராகவும் வழிகுழாயினால் வெளியேறும். வேகமாகச் சுழலும் காற்றாடி அதைச் சிதறடிப்பதால் நிலத்தில் ஈரம் தெரிவதில்லை.

இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. வெறும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை வழிகுழாயின் நுனி உள்ளே இருக்குமாறு கம்பியால் கட்டுங்கள். குழாயை அடைக்கக் கூடாது, போத்தலின் வாய் திறந்தே இருக்க வேண்டும். மாலையில் போத்தலில் சேர்ந்ததை அளந்து பாருங்கள். காலையில் ஊற்ற வேண்டியிருக்கும் அளவும் போத்தலில் சேர்ந்த அளவும் ஏறத்தாழச் சமமானால் தண்ணீர் போகும் வழி கிடைத்துவிட்டது. அடுத்து மூடியைப் பாருங்கள். இறப்பர் கல்லைப்போல் இறுகியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, வில் தளர்ந்திருக்கிறதா? றேடியேற்றர் வாயின் உட்பக்க விளிம்பு நெளிந்திருக்கிறதா?

புதிய மூடி வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். 7 இறாத்தல் மூடிக்குப் பதிலாக 13 அல்லது 15 இறாத்தல் மூடி போட்டால் "இன்னும் நல்லது" என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய றேடியேற்றரின் ஈயப் பற்றுகள் அந்த அழுத்தத்தைத் தாங்கமாட்டா.

புதிய மூடி போட்ட பின்னும் போத்தலில் தண்ணீர் சேர்ந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா எனப் பாருங்கள். சூடடிக்கும் காலத்தில் றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பதரும் தூசும் அடைத்துக்கொள்ளும். காற்றாடி காற்றை முன்னிருந்து பின்னுக்கு இழுப்பதால், கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை அடிக்க வேண்டும். காற்றாடிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவில் அமிழ வேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கும், மிக இறுகினால் தண்ணீர்ப் பம்பின் பெயரிங் தேயும்.

மூன்றாவது: வெளியே தேடுதல்

சிறு ஒழுக்கு சூடான எஞ்சினில் விழுந்தவுடன் காய்ந்துவிடும். ஆகையால் ஈரத்தைத் தேடாமல் அதன் அடையாளத்தைத் தேட வேண்டும். எமது கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். துருத்தண்ணீர் செம்மண் நிறக் கோடு விடும். கூலன்ற் சேர்த்திருந்தால் பச்சை அல்லது சிவப்பு நிறக் கறை காணப்படும்.

முதலில் எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவுங்கள். இரவில் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். விடியற்காலையில், எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது, சாம்பல் நனைந்த இடத்தையும் மட்டையில் துளி விழுந்த இடத்தையும் பாருங்கள். சில ஒழுக்குகள் குளிரில் மட்டுமே தெரியும். சூடேறும்போது இறப்பரும் உலோகமும் விரிந்து இடைவெளியை மூடிவிடுவதே இதற்குக் காரணம்.

பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகத் தருகிறோம்.

1. மேல், கீழ் இறப்பர்க் குழாய்களும் கிளிப்புகளும். குழாயைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்புகள் விரிந்தால் அல்லது குழாய் பஞ்சுபோல் இருந்தால் மாற்றுங்கள். வருடக்கணக்கில் மரத்தடியில் நின்ற இயந்திரங்களில் இக்குழாய்கள் பார்வைக்கு நன்றாகவும் உள்ளே இற்றும் போயிருக்கும்.

2. றேடியேற்றரின் மேல், கீழ்த் தாங்கிகளின் ஈயப் பற்றுகளும் கீழேயுள்ள வடிகுழாய்த் திருகும்.

3. தண்ணீர்ப் பம்ப். அதன் அச்சுக்குக் கீழே ஒரு சிறு துவாரம் உண்டு. பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் இத்துவாரத்தினால் வெளிவரும். எமக்கு எச்சரிக்கை தருவதற்காகவே இத்துவாரம் வைக்கப்பட்டிருக்கிறது. இதைச் சவர்க்காரத்தாலோ ஆணியாலோ அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பெயரிங்கிற்குள் போகும், பெயரிங் உடையும், காற்றாடி றேடியேற்றரை வெட்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது காற்றாடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப் பழுது.

4. எஞ்சின் புளொக்கின் பக்கங்களில் வட்டமாக அடித்து இறக்கியிருக்கும் தகட்டு மூடிகள். இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும்.

5. எஞ்சினின் தலைப்பகுதியும் புளொக்கும் சேரும் கோடு, மானியின் முனை இருக்கும் இடம், தேமோஸ்ரற் மூடி.

இவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால், கையால் இயக்கும் அழுத்தப் பம்ப் வைத்திருக்கும் கராஜ் ஒன்றுக்குப் போங்கள். குளிர்ந்த எஞ்சினில், மூடியின் அழுத்த எண் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, கால் மணித்தியாலம் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் ஒழுக்கு எஞ்சினின் உள்ளே இருக்கக்கூடும்.

நான்காவது: எஞ்சினின் உள்ளே

ஹெட் காஸ்கற் பழுதடைந்தாலோ இரும்பு வெடித்தாலோ தண்ணீர் இரண்டு இடங்களுக்குப் போகலாம். ஒன்று சிலிண்டருக்குள், மற்றது எஞ்சின் ஒயிலுக்குள்.

குமிழிச் சோதனை: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை வாய்வரை நிரப்புங்கள். தண்ணீர் கலங்காமல் இருப்பதற்காகக் காற்றாடிப் பட்டியைக் கழற்றுங்கள். மூடியைப் போடாமல் எஞ்சினை இயக்கி ஒரு நிமிடம் பாருங்கள். தொடக்கத்தில் சிக்கியிருந்த காற்று ஓரிரு குமிழிகளாக வரலாம், அது குற்றமில்லை. நிற்காமல் தொடர்ந்து குமிழிகள் வந்தாலோ, எஞ்சினின் வேகத்தைக் கூட்டும்போது தண்ணீர் பொங்கி எழுந்தாலோ, சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது என அறியலாம். பட்டி இல்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் இயக்க வேண்டாம்.

புகைச் சோதனை: சைலன்சரிலிருந்து வெண்புகை வந்தால் உடனே தண்ணீர் என்று முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த டீசல் எஞ்சினில் சரியாக எரியாத டீசலும் வெண்புகையாக வரும். அது காற்றில் தங்கி நிற்கும், கண்ணை எரிக்கும். நீராவியோ சிறிது தூரத்தில் மறைந்துவிடும். மார்கழிக் காலையில் சிறிதளவு ஆவி எல்லா எஞ்சினிலும் வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் ஆவி நிற்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

ஒயில் சோதனை: ஒயில் அளவுகோலைக் காலையில் இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறமாக மாறியிருந்தாலோ, ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது, இரவில் அடியில் தங்கும். எனவே விடியற்காலையில், எஞ்சினை இயக்குவதற்கு முன், அடியிலுள்ள ஒயில் திருகை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர்த் துளிகள் வந்தால் சந்தேகம் உறுதியாகும். இந்த நிலையில் இயந்திரத்தை ஒரு நாளும் ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த ஒயில் பெயரிங்குகளைக் காப்பாற்றமாட்டாது. ஒயில் ஊற்றும் மூடியின் கீழ் மட்டும் சிறிது மஞ்சள் நுரை இருந்தால் அது அடிக்கடி குறுகிய நேரம் இயக்குவதால் சேரும் ஈரமாகவும் இருக்கலாம்.

இன்னுமோர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து நிறைந்திருந்தால், காலையில் ஸ்ராட் செய்யும்போது எஞ்சின் திடீரென அடித்து நிற்கும். தண்ணீரை அமுக்க முடியாது. மீண்டும் மீண்டும் முயன்றால், அல்லது தள்ளியும் இழுத்தும் ஸ்ராட் செய்தால், பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். குறைந்த செலவுடன் முடிய வேண்டிய பழுது அன்றே முழு எஞ்சினையும் விழுங்கிவிடும். அவ்வாறு அடித்து நின்றால் அப்படியே விட்டுவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

காஸ்கற் மாற்றுவதென்றால் தலைப்பகுதியின் அடித்தளம் நெளிந்திருக்கிறதா என நேர்விளிம்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை உரிய வரிசையில், இறுக்க அளவு காட்டும் ஸ்பனரால் இறுக்க வேண்டும். நெளிந்த தலைப்பகுதிக்குப் புதிய காஸ்கற் போடுவது கிழிந்த சாக்கில் நெல்லைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் உள்ளவை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். நாளுக்கு ஒரு லீற்றர் புதிதாக ஊற்றுகிறவர் அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்பையும் நாள்தோறும் சேர்த்து ஊற்றுகிறார். சிறு ஒழுக்கைத் திருத்தாமல் விடுவதன் மறைமுக நட்டம் இதுவே. உவர்த் தண்ணீர் இன்னும் கேடானது, இரும்பை அரிக்கும். துப்புரவாகப் பிடித்த மழைத்தண்ணீர் நல்லது. அது இல்லாவிட்டால் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை ஊற்றலாம். ஒழுக்கைத் திருத்திய பின் கூலன்ற் கலந்து ஊற்றினால் துரு குறையும், கொதிநிலையும் சிறிது உயரும்.

கூலன்ற் நஞ்சு என்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலானவை இனிப்பாக இருக்கும். பிள்ளைகளும் நாய்களும் கன்றுகளும் குடித்துவிடக்கூடும். வெறும் கலன் ஒன்று கிடைத்தால் அதைத் தண்ணீர் அள்ளப் பயன்படுத்தும் வழக்கம் முகாம் வாழ்க்கையில் எம்மிடம் ஏற்பட்டது. கூலன்ற் கலனைக் குடிதண்ணீருக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். பழைய கூலன்றைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

செய்யக் கூடாதவை

சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்காதீர்கள். மேல் தாங்கியைக் கையால் தொட்டுப் பொறுக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின், ஈரச்சாக்கைப் போர்த்தி, முதல் தடை வரை மட்டும் திருப்பி ஆவியை விட்டு, பின்பு திறவுங்கள். முகத்திலும் மார்பிலும் அவிந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

கொதித்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும். மஞ்சள் தூள், முட்டை, புகையிலைத் தூள் போடுவது வழியில் அகப்பட்ட ஒரு நாளுக்கு உதவலாம். அதன் பின் முற்றாகக் கழுவாவிட்டால் றேடியேற்றரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவதும் ஒழுக்குக்கு மருந்தல்ல. அது இல்லாமல் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், விரைவில் தேயும்.

அந்த நான்கு குடும்பங்கள்

முதலில் சொன்ன இயந்திரத்துக்கு வருவோம். காஸ்கற் மாற்றிய பின்னும் தண்ணீர் குறைந்ததால், வழிகுழாயில் ஒரு சோடாப் போத்தலைக் கட்டிப் பார்க்கும்படி சொன்னோம். உழவு முடிந்து வந்தபோது போத்தல் நிறைந்து வழிந்திருந்தது. மூடியின் இறப்பர் வளையம் விரலால் தொட்டவுடன் துண்டு துண்டாக உதிர்ந்தது. புதிய மூடி போட்டார்கள். மறுநாள் காலையில் ஊற்ற எதுவும் இருக்கவில்லை. அடகு வைத்த நகை அடுத்த அறுவடைக்குப் பின்னரே மீண்டது.

எல்லா இயந்திரங்களிலும் பழுது மூடியில்தான் இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்கு வரிசையாகப் போக வேண்டும் என்பதையே சொல்கிறோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறியபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தபோதும், உழவு இயந்திரப் பெட்டிகளே பல குடும்பங்களுக்கு வீடாகவும் களஞ்சியமாகவும் இருந்தன. அப்படிக் காப்பாற்றி வந்த இயந்திரத்தை ஒரு போத்தல் தண்ணீரின் கணக்குத் தெரியாமல் இழக்கக் கூடாது. நாளைக் காலையில் கொப்பியை எடுத்து முதல் அளவை எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அவருக்கும் அதில் தெரியும்.